ஆகாயச் சண்டைக்கு இலக்கணம் எழுதிய வாத்தியார் மகன்

நடுவானில் இரண்டு விமானங்கள் சண்டை போடுகின்றன. ஒன்று மற்றொன்றின் வாலைப் பிடிக்கத் துரத்துகிறது. துரத்தப்படுகிற விமானம் வளைகிறது, நெளிகிறது, குட்டிக்கரணம் போடுகிறது. இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கடிக்கச் சுற்றிச் சுற்றி வருவது போல இருக்கும். அதனால் இங்கிலீஷ்காரர்கள் இதற்கு நாய்ச் சண்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தச் சண்டையில் ஜெயிப்பவன் யார்? தைரியசாலியா? முரடனா? குறி தவறாமல் சுடுகிறவனா?

இவை எல்லாம் வேண்டும்; ஆனால் இவை மட்டும் போதாது. சண்டை தொடங்கும் முன்பே யோசிக்கிறவன்தான் ஜெயிப்பான். இதைக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆஸ்வால்ட் போல்கே. ஜெர்மனி நாட்டுக்காரர். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகன்.

ஆகாயச் சண்டைக்கு அவர் எட்டு விதிகளை எழுதினார். அது 1916-ம் ஆண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த விதிகள் சாகவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் விமானச் சண்டை விளையாடுகிற இளைஞர்கள்கூட அந்த விதிகளைத்தான் பாடமாகப் படிக்கிறார்கள்.

விதிகளை எழுதியவரோ 25 வயதிலேயே இறந்து போனார். அவர் எழுதிய எட்டாவது விதி எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ, அதே ஆபத்து அவரைக் கொன்றது!

இழுப்பு நோய்ப் பையன்

1891-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, ஜெர்மனியில் ஹாலே நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் போல்கே பிறந்தார். அவருடைய தந்தை வெகு தூரத்தில் உள்ள அர்ஜெண்டைனா நாட்டில் ஆசிரியராக இருந்தவர். போல்கே பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் குடும்பம் தாய்நாட்டுக்குத் திரும்பியது. பிறகு டெஸ்ஸாவ் என்ற ஊரில் குடியேறியது.

சிறு வயதில் போல்கேயைக் கக்குவான் இருமல் பிடித்தது. அதைத் தொடர்ந்து ஆஸ்துமாவும் வந்தது. மூச்சு முட்டும் பிள்ளை ஓடி ஆடுவானா என்று யாருக்கும் சந்தேகம் வரும். போல்கே ஓடினார். மூச்சைப் பழக்குவதற்காகவே ஓடினார். நீந்தினார். படகு விட்டார். மலை ஏறினார். நாளடைவில் நல்ல விளையாட்டு வீரர் ஆனார்.

அவருக்குப் பட்டாளத்தில் சேர ஆசை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். ராணுவப் பள்ளியில் இடம் கேட்டு, ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சருக்கே கடிதம் எழுதிவிட்டார்! 13 வயதில் அனுமதியும் வந்தது. ஆனால் தாய் தந்தையர் சம்மதிக்கவில்லை. முதலில் படிப்பை முடி என்று நிறுத்திவிட்டார்கள். பையன் அவர்கள் பேச்சைத் தட்டவில்லை.

படிப்பு முடிந்த பிறகு, 1911-ம் ஆண்டில் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். கோப்ளன்ஸ் நகரில் இருந்த தந்திப் படையில் வேலை. தலைக்கு மேலே பறந்த விமானங்களைப் பார்த்தார். மனம் அங்கே போய்விட்டது. 1914-ம் ஆண்டில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆகஸ்டு 15-ந் தேதி கடைசிப் பரீட்சையில் தேறினார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் முதல் உலக யுத்தம் மூண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும்

யுத்தம் தொடங்கியபோது விமானம் சண்டை போடும் கருவி அல்ல. அது ஒரு கண். உயரத்தில் பறந்து, எதிரியின் படை எங்கே நிற்கிறது, பீரங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். அவ்வளவுதான்.

போல்கேயின் அண்ணன் வில்ஹெல்மும் அதே படையில் இருந்தார். தம்பி விமானம் ஓட்டுவார். அண்ணன் கீழே பார்த்துக் குறிப்பு எடுப்பார். இருவரும் சேர்ந்தே பறந்தார்கள்.

ஒரு தரப்பு வேவு பார்த்தால் மறு தரப்பு சும்மா இருக்குமா? விமானிகள் கைத்துப்பாக்கி கொண்டு போனார்கள். பிறகு எந்திரத் துப்பாக்கியை ஏற்றினார்கள். அதில்தான் ஒரு சங்கடம் வந்தது. விமானத்தின் மூக்கில் விசிறி சுழல்கிறது. நேரே முன்னால் சுட்டால் சொந்த விசிறியே உடைந்து போகும்.

1915-ம் ஆண்டில் போக்கர் விமானக் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. விசிறியின் இலை துப்பாக்கிக்கு நேராக வரும்போது குண்டு பாயாது. இலை விலகியதும் பாயும். விசிறியையும் துப்பாக்கியையும் இணைக்கும் ஒரு பொறி இந்த வேலையைச் செய்தது. அதனால் விமானத்தையே துப்பாக்கி போலத் திருப்பிக் குறி பார்க்க முடிந்தது.

இந்தப் புது விமானம் முதலில் கிடைத்த சிலரில் போல்கேயும் ஒருவர். மாக்ஸ் இம்மெல்மான் என்ற விமானி மற்றொருவர். இருவரும் பிரான்சில் டூவே என்ற ஊரில் ஒரே முகாமில் இருந்தார்கள். நண்பர்கள், ஆனால் போட்டியாளர்கள். இன்று இவர் ஒரு விமானத்தை வீழ்த்தினால், நாளை அவர் ஒன்றை வீழ்த்துவார்.

தண்ணீரில் விழுந்த சிறுவன்

அந்த டூவே ஊரில் ஒரு சம்பவம் நடந்தது. 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி. வாய்க்கால் ஓரத்தில் நின்ற ஒரு பிரெஞ்சுச் சிறுவன் தவறித் தண்ணீரில் விழுந்தான். நீச்சல் தெரியாமல் தத்தளித்தான்.

போல்கே அதைப் பார்த்தார். உடுத்த உடையோடு அப்படியே குதித்தார். பையனைக் கரை சேர்த்தார்.

அவன் எதிரி நாட்டுப் பையன். அந்த ஊரே ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த ஊர். ஆனாலும் பையனின் பெற்றோர் நன்றியால் உருகிப் போனார்கள். போல்கேக்குப் பிரெஞ்சு அரசாங்கமே வீரப் பதக்கம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அது நடக்கிற காரியமா? ஜெர்மன் அரசாங்கம் உயிர் காத்த பதக்கம் கொடுத்தது. எத்தனையோ பதக்கங்கள் பெற்ற போல்கே, ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காகப் பெற்ற பதக்கம் இது.

1916-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, போல்கே, இம்மெல்மான் இருவருக்கும் ஒரே நாளில் பெரிய விருது கிடைத்தது. பூர் லெ மெரித் என்று அதற்குப் பெயர். கழுத்தில் அணியும் நீல நிறப் பதக்கம். சண்டை விமானிகளில் அதை முதலில் பெற்றவர்கள் இவர்கள்தான். அப்போது இருவரும் ஆளுக்கு 8 விமானங்களை வீழ்த்தியிருந்தார்கள்.

கெய்சர் போட்ட தடை

அதே ஆண்டு ஜூன் 18-ந் தேதி இம்மெல்மான் விழுந்து இறந்தார்.

ஜெர்மனி துடித்துப் போயிற்று. இரண்டு வீரர்களில் ஒருவர் போய்விட்டார். மற்றவரும் போய்விட்டால் ஜனங்கள் மனம் உடைந்து விடுவார்களே! போல்கே இனிச் சண்டைக்குப் பறக்கக் கூடாது என்று கெய்சர் தடை போட்டார். அப்போது அவர் 19 விமானங்களை வீழ்த்தியிருந்தார்.

பறக்க முடியாத நேரத்தை போல்கே வீணாக்கவில்லை. இத்தனை நாள் வானத்தில் கண்டதையெல்லாம் எண்ணிப் பார்த்தார். எந்தச் சண்டையில் ஜெயித்தோம்? ஏன் ஜெயித்தோம்? எங்கே தப்பிப் பிழைத்தோம்? ஏன் அந்த ஆபத்து வந்தது? யோசித்து யோசித்து எட்டு விதிகளாக எழுதினார். புதிய விமானி ஒருவன் ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவ்வளவு சுருக்கம்!

எட்டு விதிகள்

முதல் விதி: சண்டைக்குப் போகும் முன்பே அனுகூலத்தைத் தேடிக்கொள். எதிரிக்கு மேலே ஏறிக்கொள். உயரத்தில் இருப்பவன் கீழே பாய்ந்தால் வேகம் தானாக வரும். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரி உன்னைப் பார்க்க முயன்றால் அவன் கண்தான் கூசும்.

இரண்டாவது: தாக்கத் தொடங்கினால் முடிக்கும் வரை விடாதே. பாதியில் பயந்து திரும்பினால் உன் வால் எதிரிக்குத் தெரியும். அவனுக்கு அது போதும்.

மூன்றாவது: நெருங்கிப் போய்ச் சுடு. எதிரி குறிக்குள் நன்றாக வந்த பிறகே சுடு. தூரத்திலிருந்து சுட்டால் குண்டுதான் தீரும். வருகிறோம் என்று எதிரிக்குச் சொல்லி அனுப்பியது போலவும் ஆகும்.

நான்காவது: எதிரியை விட்டுக் கண்ணை எடுக்காதே. அவன் அடிபட்டு விழுவது போல நடிப்பான். நம்பி ஏமாறாதே.

ஐந்தாவது: பின்னாலிருந்து தாக்கு. குறுக்கே போகிற விமானத்தைச் சுட வேண்டுமானால், அது போய்ச் சேரப் போகிற இடத்தைக் கணக்குப் போட்டுச் சுட வேண்டும். பின்னால் இருந்தால் நேரே குறி பார்க்கலாம்.

ஆறாவது: எதிரி உன் மேல் பாய்ந்தால் ஓடாதே. திரும்பி அவனை எதிர்த்துப் போ. ஓடுகிறவனைச் சுடுவது எளிது. எதிர்த்து வருகிறவனைச் சுட நேரம் கிடைக்காது.

ஏழாவது: எதிரி எல்லைக்குள் போனால், திரும்பும் வழியை மறக்காதே. எஞ்சின் நின்று போனால் எந்தப் பக்கம் மிதந்து போவது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாவது: நான்கு பேர், ஆறு பேர் என்று கூட்டமாகத் தாக்குங்கள். சண்டை தனித் தனியாகப் பிரிந்துவிட்டால், பல பேர் சேர்ந்து ஒரே எதிரியைத் துரத்தாதீர்கள். எல்லோர் கண்ணும் அந்த ஒருவன் மேல் இருக்கும். பக்கத்தில் வருகிற நண்பனை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த எட்டாவது விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாத்தியார் ஆனார்

வாத்தியார் மகன் இப்போது தாமும் வாத்தியார் ஆனார். சண்டை விமானங்களுக்கென்று தனிப் படைகள் அமைக்க ஜெர்மன் ராணுவம் முடிவு செய்தது. இரண்டாவது படைக்கு போல்கே தலைவர். வேண்டிய ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் உரிமையும் கிடைத்தது.

ருஷியப் போர்முனையில், இன்று உக்ரைன் நாட்டில் இருக்கும் கோவெல் என்ற ஊருக்குப் போனார். அண்ணன் வில்ஹெல்ம் அங்கேதான் இருந்தார். அங்கே இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒருவர் எர்வின் போமே. வயது 37. விமானிக்கு இது கிழ வயது என்று மற்றவர்கள் நினைத்த காலம் அது. போல்கே வயதைப் பார்க்கவில்லை. மற்றவர் மான்பிரெட் ரிக்தோபன் என்ற இளைஞர். குதிரைப் படையிலிருந்து வந்தவர்.

ரிக்தோபன் முன்பே ஒரு முறை போல்கேயை ரெயிலில் சந்தித்தவர். 1915-ம் ஆண்டு அக்டோபரில் நடந்த சந்திப்பு அது. இத்தனை விமானங்களை எப்படி வீழ்த்துகிறீர்கள் என்று ஆவலோடு கேட்டார். ரொம்பக் கிட்டே போய், நன்றாகக் குறி பார்த்துச் சுடுகிறேன், அவ்வளவுதான் என்பது போலப் பதில் வந்தது. ரிக்தோபனுக்கு ஏமாற்றம். தாமும் அதைத்தானே செய்கிறோம், எதுவும் விழவில்லையே என்று நினைத்தார். கிட்டே என்றால் எவ்வளவு கிட்டே என்பது அவருக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று.

1916-ம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில், பிரான்சில் சோம் போர்முனையில் புதிய படை கூடியது. கீழே, தரையில், மனித சரித்திரத்தின் மிகக் கொடிய சண்டைகளில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வானத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்களின் கை ஓங்கியிருந்தது.

எல்லோருக்கும் போதுமான விமானங்கள் இன்னும் வந்து சேரவில்லை. போல்கே மட்டும் காலையில் தனியே பறந்து போவார். திரும்பி வந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நடந்ததை விளக்குவார்.

மற்ற நேரமெல்லாம் பள்ளிக்கூடம்தான். துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரிய வேண்டும். நடுவானில் குண்டு சிக்கிக்கொண்டால் தானே எடுக்கத் தெரிய வேண்டும். எதிரியின் ஒவ்வொரு விமானத்தையும் தூரத்திலேயே அடையாளம் காண வேண்டும். அதன் பலம் என்ன, எந்தப் பக்கம் அதன் கண்ணுக்கு மறைவு என்று தெரிய வேண்டும். பறந்து வந்த பிறகு அவரவர் செய்த தவறுகளை எடுத்துச் சொல்வார். தனி ஒருவன் புகழைவிடப் படையின் வெற்றி பெரிது என்பது அவர் போதனை.

செப்டம்பர் 2-ந் தேதி ஒரு பிரிட்டிஷ் விமானத்தை வீழ்த்தினார். அதன் விமானி உயிரோடு பிடிபட்டார். மறுநாள் போல்கே அவரைத் தம் முகாமுக்கு அழைத்தார். காபி கொடுத்தார். தம் விமானங்களைச் சுற்றிக் காட்டினார். பிறகுதான் கைதி சிறை முகாமுக்குப் போனார். எதிரியை வீழ்த்துவது கடமை. அவமானப்படுத்துவது கடமை அல்ல என்பது போல்கேயின் நடத்தையில் தெரிந்தது.

செப்டம்பர் 16-ந் தேதி புதிய ஆல்பட்ராஸ் விமானங்கள் வந்தன. மறுநாள் மாணவர்களை அழைத்துக்கொண்டு வாத்தியார் பறந்தார். அன்றுதான் ரிக்தோபன் தம் முதல் விமானத்தை வீழ்த்தினார். அந்த யுத்தத்தில் வேறு யாரும் எட்டாத 80 என்ற எண்ணிக்கைக்கு அது தொடக்கம்.

போல்கேயின் கணக்கும் ஏறியது. இரண்டே மாதத்தில் 21 விமானங்கள். அக்டோபர் 26-ந் தேதி மொத்தம் 40 ஆயிற்று. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தாய் பெற்ற பிள்ளை இருந்தான் என்பதையும் மறப்பதற்கில்லை. அந்தக் காலத்தில் சண்டை விமானிகளுக்குப் பாரசூட் கிடையாது. விமானம் விழுந்தால் விமானியும் அதோடு விழ வேண்டியதுதான்.

ஒரு நொடி

1916-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி. காற்றும் மேகமுமான நாள். போல்கே அன்று ஏற்கெனவே பல முறை பறந்து வந்திருந்தார். மாலையில் மறுபடியும் அழைப்பு. அவசரமாக விமானத்தில் ஏறினார். போமே, ரிக்தோபன் முதலியவர்கள் கூட வந்தார்கள்.

எதிரே இரண்டு பிரிட்டிஷ் விமானங்கள். சண்டை மூண்டது. ஒரு விமானத்தை போல்கேயும் போமேயும் துரத்தினார்கள். மற்றொன்றை ரிக்தோபன் துரத்தினார்.

இரண்டு பேர், ஒரே எதிரி! எட்டாவது விதி எச்சரித்தது இதைத்தான்.

ரிக்தோபனிடமிருந்து தப்பி ஓடிய விமானம் திடீரென்று குறுக்கே பாய்ந்தது. மோதாமல் இருக்க போல்கேயும் போமேயும் சட்டென்று விமானத்தைத் திருப்பினார்கள். ஒருவர் விமானம் மற்றவர் பார்வைக்கு மறைந்து போயிற்று. போமேயின் விமானச் சக்கரம் போல்கேயின் மேல் இறக்கையில் உரசியது.

பெரிய மோதல் அல்ல. ஓர் உரசல்தான். ஆனால் இறக்கை என்பது மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணி கிழியத் தொடங்கியது. போல்கே விமானத்தை அடக்கிப் பிடித்து இறக்கப் பார்த்தார். மேகத்துக்குள் மறைந்தார். மேகத்தைத் தாண்டியபோது இறக்கை நிலைக்கவில்லை. விமானம் தரையில் மோதியது.

அது உயிர் பிழைக்கக் கூடிய விழுகைதான் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றிற்று. ஆனால் போல்கே தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. இடுப்புப் பட்டையும் பூட்டப்படவில்லை. தலையில் அடிபட்டு அங்கேயே இறந்தார்.

40 விமானங்களை வீழ்த்திய அவரை எந்த எதிரியின் குண்டும் கொல்லவில்லை!

எதிரி போட்ட மலர் வளையம்

செய்தி கேட்டு ஜெர்மனி முழுவதும் துக்கம் கொண்டாடியது. காம்ப்ரே மாதா கோவிலில் இறுதிப் பிரார்த்தனை நடந்தது. வாத்தியாரின் பதக்கங்களை ஒரு மெத்தையில் வைத்து ஏந்திச் சென்றவர் ரிக்தோபன். பிறகு உடல் டெஸ்ஸாவ் நகருக்குக் கொண்டு போகப்பட்டு அடக்கமாயிற்று.

பிரிட்டிஷ் விமானம் ஒன்று ஜெர்மானியர் எல்லைக்குள் பறந்து வந்தது. குண்டு போடவில்லை. போல்கேக்காக மலர் வளையம் போட்டுவிட்டுப் போயிற்று! ஜெர்மனியில் சிறை முகாமில் இருந்த பிரிட்டிஷ் விமானிகளும் மலர் வளையம் அனுப்பினார்கள். அவர் காபி கொடுத்து அனுப்பிய கைதியும் அவர்களில் ஒருவர்.

போமே மனம் நொந்து போனார். அவர் போல்கேயின் நெருங்கிய நண்பர். தொடர்ந்து பறந்த அவர், 1917-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி சண்டையில் இறந்தார். ரிக்தோபன் 1918-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி இறந்தார். அவர் தாழப் பறந்து, எதிரி எல்லைக்குள் வெகு தூரம் ஒருவனைத் துரத்திக்கொண்டு போன நேரம் அது. வாத்தியாரின் ஏழாவது விதி அன்று அவருக்குத் துணை நிற்கவில்லை.

மடியாத பாடம்

மனிதர்கள் போனார்கள், விதிகள் நின்றன. மரமும் துணியும் போய், உலோக விமானம் வந்தது. விசிறி போய், ஜெட் வந்தது. ஆனாலும் முதலில் உயரத்தைப் பிடி, முதலில் பார், கூட்டாளியோடு போ என்ற பாடம் மாறவில்லை. இன்றைய ஜெர்மன் விமானப் படையிலும் ஒரு படைப் பிரிவு போல்கேயின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டில் விமானச் சண்டை போடுகிற புதுப் பிள்ளை அடிக்கடி தோற்பான். ஏன்? தூரத்திலிருந்தே சுட்டுக் குண்டைத் தீர்ப்பான். ஒருவனையே வெறித்துப் பார்த்துத் துரத்துவான். பின்னால் வருகிறவனைப் பார்க்க மாட்டான். உயரம் ஏறாமல் சண்டைக்குள் குதிப்பான். போல்கேயின் விதிகளில் மூன்றைக் கற்றால் அவன் ஆட்டமே மாறிவிடும். ஆடி முடித்த சண்டையைத் திரும்பப் போட்டுப் பார்த்து, எங்கே தவறினோம் என்று கண்டுபிடித்தால் இன்னும் தேறிவிடுவான். தம் மாணவர்களுக்கு போல்கே செய்ததும் அதுதானே!

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. விளையாட்டில் விமானம் விழுந்தால் பொத்தானை அமுக்கி மறுபடியும் ஆடலாம். போல்கேக்கு மறு ஆட்டம் கிடைக்கவில்லை.

விதி எழுதுவது ஒரு திறமை. தினமும், அவசரத்திலும், களைப்பிலும் அதைக் கடைப்பிடிப்பது வேறு திறமை. ஒரு பட்டையைப் பூட்ட எத்தனை நொடி ஆகும்? அந்தச் சில நொடிகள் மிச்சமாயின. ஒரு வாழ்நாள் போயிற்று.